மாப்பிள்ளைக்கு ஒரு தவளை போதும்

வாங்க மாப்ளே, உட்காருங்க. பெங்களூர் பஸ் தூசி இன்னும் சட்டையில அப்படியே இருக்குது, அதுக்குள்ள செல்போனைத் தூக்கிக்கிட்டு மாமன் வீட்டுத் திண்ணைக்கு வந்துட்டீங்க. என்ன அது, பட்டியலா? தவளை ராடு, தவளை ரீலு, தவளைக்குன்னே ஜப்பான் நரம்பு, தவளைங்களைப் படுக்க வைக்கத் தனியா ஒரு பெட்டி. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் கூட்டிப் பார்த்தேன். கறவை மாடு ஒண்ணுக்கு முன்பணமே கொடுத்துடலாம். இத்தனைக்கும் ஏரியூர் சுத்துவட்டாரத்துல ஒரு விரால்கூட இன்னும் உங்க மூஞ்சியைப் பார்த்தது கிடையாது.

சரி, மரியாதை போதும். கேளு.

உன் வீட்டு அட்டாலியில என்னென்ன கிடக்குதுன்னு எனக்குத் தெரியும். உங்க அம்மா, அதான் என் தங்கச்சி, அதையெல்லாம் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடட்டுமான்னு என்கிட்டயே வந்து கேட்டா. கட்லா பிடிக்கறேன்னு வாங்கின எட்டடி ராடு ஒண்ணு. ஆசைக்கு வாங்கின மடக்கு ராடு ஒண்ணு. ரெண்டுக்கும் பொதுவா ஒரு ஸ்பின்னிங் ரீல், அதுல சுருண்டு போன நைலான் நரம்பு. இதை வெச்சுக்கிட்டே தாராளமாத் தவளை வீசலாம். வாங்க வேண்டியது ரப்பர் தவளை ஒண்ணு, கெட்டி நரம்பு ஒரு சுருள். மிச்சமெல்லாம் உன் கையை அடக்கற சமாசாரம். அதை எந்தக் கடையிலயும் விக்க மாட்டாங்க. விக்கறதா இருந்தா உனக்கு எப்பவோ வாங்கிக் கொடுத்திருப்பேன்.

முதல்ல அந்த வீடியோ விவகாரத்தைப் பேசி முடிச்சிடலாம். நீ ராத்திரி முழிச்சுக்கிட்டுப் பார்க்கறது அமெரிக்காக்காரன் பாஸ் மீன் பிடிக்கற படம். பச்சைப் பாசிமேல ரப்பர் தவளையைத் தத்த விடறான், படார்னு தண்ணி வெடிக்குது, அங்க அவன் கத்தறான், இங்க நீ கத்தறே, நடுவுல உங்க அம்மா எந்திரிச்சு உட்கார்ந்துக்கறா. அந்த பாஸ் நம்ம ஏரி குளத்துல கிடையாது மாப்ளே. அது வட அமெரிக்கா மீன். ஆனா அங்க அது பார்க்கற உத்தியோகத்தை இங்க பார்க்க நம்ம விரால் இருக்குது. பாசிக்கு அடியில பதுங்கி, தலைக்கு மேல எது தத்தினாலும் வாயைத் திறக்கற உத்தியோகம். ஆளுதான் வேற, வேலை ஒண்ணுதான்.

அந்த பாஸ்லயே உலகத்துல பெருசைப் பிடிச்சவன் கதையைக் கேட்டுக்கோ. 1932, ஜூன் 2. ஜார்ஜியா மாகாணத்துல ஜார்ஜ் பெர்ரின்னு ஒரு குடியானவ வீட்டு இளவட்டம். அமெரிக்காவையே பஞ்சம் பிடிச்சு ஆட்டின காலம். கூட்டாளியோட மாண்ட்கோமெரி ஏரிக்குப் போயிருக்கான். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ராடுதான்னு சொல்றாங்க. சிக்கினது 22 பவுண்டு 4 அவுன்ஸ். நம்ம கணக்குக்குப் பத்து கிலோவுக்குச் சித்தே மேல. எடை போட்டுப் பதிவு பண்ணிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைச்சுத் தின்னுட்டாங்க. 2009-ல ஜப்பான்ல, பிவா ஏரியில, மனாபு குரிடான்னு ஒருத்தர் அதைவிட ஒரு அவுன்ஸுக்குள்ள கூடுதலாப் பிடிச்சார். ரெண்டு அவுன்ஸாவது கூடினாத்தான் பழைய சாதனை போகும்னு விதி. அதனால ரெண்டு பேரும் சமம்னு எழுதி வெச்சிருக்காங்க. பஞ்சத்துல கூட்டாளியோட ஒரே ராடைப் பங்கு போட்டவன் பேரு இன்னும் நிக்குது. நீ மூணாவது ராடு வாங்கறதுக்குத் தவணை கட்டறேங்கறே.

விராலுக்கும் அமெரிக்காவுக்கும்கூட ஒரு வழக்கு நடந்துச்சு, அது உனக்குத் தெரியாது. 2002-ல மேரிலாந்து மாகாணத்துல குரோஃப்டன்னு ஒரு ஊர்க் குட்டையில விரால் ஜாதி மீன் ஒண்ணு கிடைச்சுது. நம்ம விராலுக்குப் பங்காளி, சீனத்துப் பக்கத்து இனம். எப்படி அங்க வந்துச்சுன்னு விசாரிச்சா, ஒருத்தர் உடம்பு சரியில்லாத தங்கச்சிக்கு சூப்பு வைக்க நியூயார்க்ல உயிர் மீனா வாங்கியிருக்கார். தங்கச்சிக்கு அதுக்குள்ள குணமாயிடுச்சு. மீனைக் குட்டையில விட்டுட்டார். அது அங்க குஞ்சும் பொரிச்சு, பத்திரிகைக்காரங்க பேய் மீன், நடக்கற மீன்னு எழுதி, கடைசியில குட்டைக்கே மருந்தடிச்சாங்க. அந்த வருஷமே உயிர் விராலை நாட்டுக்குள்ள கொண்டு வரக் கூடாதுன்னு உத்தரவும் போட்டாங்க. ஆபரேஷன் ஆனவங்களுக்கு விரால் குழம்பு கொடுக்கற ஊர்க்காரங்க நாம, நமக்கு அந்த அண்ணன் மனசு புரியும். அவங்களுக்குப் புரியலை. இப்ப அங்கயும் ஆத்தோரமா நின்னு அதே ரப்பர் தவளையை அதே விரால் ஜாதிக்குத்தான் வீசறானுங்க. தெலங்கானாவுல நம்ம விரால்தான் மாநில மீன். ஒரு ஊர்ல விரோதி, ஒரு ஊர்ல ராஜா.

தவளை தன் வாயால கெடும்னு சொல்லுவாங்க. ரப்பர் தவளைக்கு வாயே இல்லை, அதனால கெடப்போறது மீன்தான். எங்க அப்பன் காலத்துல மூங்கில் கோல் நுனியில நரம்பைக் கட்டி, முள்ளுல உசிரோட தவளையைக் கோத்து, பாசி ஓரத்துல தத்தத் தத்த ஆட்டுவாங்க. நீ அந்த வேலைக்குப் போகாதே. பெரிய தவளைக்கெல்லாம் காட்டுயிர்ச் சட்டத்துல பாதுகாப்பு இருக்குது. தவளைக்கால் ஏற்றுமதியையே 1987-ல நாட்டுல நிறுத்திட்டாங்க. வயல்ல பூச்சி தின்னுக்கிட்டு இருக்கறதைப் பிடிச்சு வெளிநாட்டுக்காரன் தட்டுல வெச்சுட்டு, அப்புறம் பூச்சிமருந்துக் கடையில போய் நின்னது போதும்னு தோணியிருக்கும். ரப்பர் தவளை செலவு ஒரு தடவைதான், சாபமும் கிடையாது.

இப்ப மீனைப் பத்திச் சொல்றேன். மீன் தெரியாம ராடு பேசறவன் பேச்சைக் கேக்காதே. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, தலைக்குள்ள காத்தை வாங்கி வெச்சுக்கற அறை ஒண்ணு இருக்குது. அதனால அப்பப்ப மேலே வந்து வாய் நிறையக் காத்து குடிச்சுட்டுப் போகும். ஆளு வந்து போற சத்தம் தெரிஞ்சா மெதுவா மூக்கை மட்டும் நீட்டும், நிம்மதியா இருந்தா 'ப்ளக்'னு சத்தம் போட்டே குடிக்கும். அந்தச் சத்தத்தையும் வளையத்தையும் பார்த்துட்டியா, வேலை பாதி முடிஞ்சுது. எங்க வீசணும்னு மீனே சொல்லிக் கொடுத்துட்டுப் போயிருக்குது. நீ போனதும் வீசறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் கரையில சும்மா உட்காரு. செல்போன் இல்லாம. ஆமாப்பா, இல்லாமத்தான். அது முடியலைன்னா தவளையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

ஏரி வத்தினாக்கூடச் சேத்துக்குள்ள ஈரம் இருக்கற வரைக்கும் உசிரைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கற மீன் அது. மழை பேஞ்சா வரப்பைத் தாண்டி அடுத்த குட்டைக்கே போயிடும். அவ்வளவு கெட்டிக்காரனை ஏமாத்தறதுக்கு உன்கிட்ட இருக்கறது ஒரு ரப்பர் பொம்மை. அதை நினைச்சாலே எனக்குச் சிரிப்பு வருது. ஆனா விராலுக்கு ஒரு பலவீனம் இருக்குது. தலைக்கு மேல ஒண்ணு தத்தறதை அதால பொறுத்துக்க முடியாது. பசி இல்லைன்னாலும் அடிக்கும்.

ராடைப் பார்ப்போம். தவளையில இருக்கற இரட்டை முள்ளு தடிமனான கம்பி. விரால் வாயோ எலும்பும் பல்லுமா இருக்கற வாய். அதுக்குள்ள முள்ளு இறங்கணும்னா ராடு விறைப்பா இருக்கணும். உன் கட்லா ராடு விறைப்புதான், அது போதும். நீளம் கொஞ்சம் கூடுதல்தான், புதர் நடுவுல வீசறப்ப மரத்துல இடிக்கும், பார்த்து வீசு. அந்த மடக்கு ராடு இருக்குதே, அதை வெச்சு முள்ளு இறக்கப் பார்த்தா ராடு வளைஞ்சு வளைஞ்சு மீனுக்குக் கும்பிடு போடும். அதைக் குறவைக்கு வெச்சுக்கோ. விரால் இல்லாத குளத்துக்குக் குறவை அதிகாரின்னு சொலவடையே இருக்குது. சின்னத் தவளையா ஒண்ணு மாட்டி, கிட்டக் கிட்ட வீசிப் பழகு. குறவை சின்னதா இருந்தாலும் திமிருக்குக் குறைச்சல் இல்லை, நல்ல வாத்தியார்.

ரீலு எதுவா இருந்தாலும் சரி. டிராக்குன்னு முன்னாடி ஒரு திருகு இருக்குதில்ல, அதை நல்லா இறுக்கு. கட்லாவுக்கு நரம்பை விட்டு விட்டு ஓட விடுவே. விராலுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு முழம் விட்டா பாசிக்குள்ள போய்ச் சுத்திக்கும், அப்புறம் நீ ஒரு கூடை பாசியை இழுத்துக்கிட்டு வந்து ஆடு மாட்டுக்குப் போடலாம். அதுங்களும் திங்காது.

செலவு பண்ற இடம் நரம்புதான். இப்ப இருக்கற நைலான் இழுத்தா நீளும். நீ இருபது தப்படி தூரத்துல இருந்து சுண்டினா, சுண்டல் பாதி வழியில நரம்பு நீள்றதுலயே செத்துப் போகும், மீனுக்குப் போய்ச் சேராது. தவிர பாசியில உரசினா சிக்கும். பின்னின நரம்புன்னு ஒண்ணு விக்குது, பிரெய்டுன்னு சொல்றீங்களே அது. நீளாது, மிதக்கும், பாசித் தண்டை அறுத்துக்கிட்டு வரும். 30 பவுண்டுல இருந்து 50 பவுண்டு வரைக்கும் எதுவானாலும் வாங்கு. கடைக்காரன் 300 மீட்டர் சுருளைக் காட்டுவான். வாங்காதே. 100 மீட்டர் போதும். பழைய நைலானைப் பூராவும் அவுத்துப் போடாதே, பாதியை ரீல்லயே விட்டுட்டு அதுமேல புது நரம்பைச் சுத்து. வெறும் ரீல்ல பிரெய்டைச் சுத்தினா பிடிப்பு இல்லாம மொத்தமா வழுக்கிச் சுத்தும். அடியில நைலான் இருந்தா கவ்வும். ரெண்டையும் எதிரெதிரா வெச்சு ஒண்ணுமேல ஒண்ணைச் சுத்தி முடிச்சுப் போட்டு, எச்சில் தொட்டு இறுக்கு. பழசுக்கும் வேலை கொடுத்த மாதிரி ஆச்சு, காசும் மிச்சம். பிரெய்டே வாங்க முடியலைன்னா அரை மில்லிமீட்டர் கனத்துக்கு நைலான் போட்டுக்கிட்டு, பத்துப் பதினஞ்சு தப்படிக்குள்ள மட்டும் வீசு. கிட்ட இருந்தா நைலான் நீள்றது அவ்வளவாத் தெரியாது. ஆனா நீ சத்தமில்லாம நடக்கணும். அந்தச் செருப்பைக் கழட்டிட்டுப் போ.

தவளை வாங்கறப்ப நல்லாப் பாரு. சில நூறு ரூபாய்க்குள்ள கிடைக்கற சாமான்தான். கையில எடுத்து, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வெச்சு முதுகையும் வயித்தையும் அழுத்து. உள்ள காத்து போய் உடம்பு சப்பையாகி, முள்ளு ரெண்டும் வெளியே எட்டிப் பார்க்கணும். பார்க்கலையா, திருப்பிக் கொடுத்துடு. நீ கையால அழுத்தறப்ப வராத முள்ளு மீன் கடிச்சாலும் வராது. கெட்டியா இருக்கறதை வாங்கித் தொலைச்சுட்டேன்னா கொதிக்கற தண்ணியில சித்த நேரம் போட்டு எடு, இளகும். உங்க அத்தை சாம்பார் வைக்கற குண்டானை மட்டும் எடுக்காதே. முள்ளு மேல் பக்கம் பார்த்துக்கிட்டு, உடம்போட ஒட்டிக்கிட்டு இருக்கும். பாசியில மாட்டாம தத்தறதுக்குத்தான் அப்படி. குறடு வெச்சு நுனியை மயிரிழை வெளியே வளைச்சுக்கோ. ரொம்ப வளைச்சா ஊர்ல இருக்கற பாசியெல்லாம் உன் சொத்து.

கலரைப் பத்தி நீ என்கிட்ட ஒண்ணும் கேக்காதே. அந்தத் தவளை முதுகுல புள்ளி, கோடு, கண்ணுக்கு மை எல்லாம் தீட்டி வெச்சிருக்கான் பாரு, அது மீனுக்கு இல்லை, உனக்கு. மீன் அடியில இருந்து பார்க்குது, அதுக்குத் தெரியறது வயிறும் நிழலும்தான். வெளிச்சம் மங்கினா கருப்பு. நல்ல வெளிச்சத்துக்கு வெள்ளையோ மஞ்சளோ. மூக்கு கூரா இருக்கறதா வாங்கு, பாசிக்குள்ள நுழைஞ்சு வரும். வாய் அகலமாப் பள்ளம் விழுந்தது ஒண்ணு விக்கறான், அது பாசி இல்லாத வெட்டவெளித் தண்ணிக்கு. இப்போதைக்கு வேண்டாம். பின்னாடி நூல் நூலாத் தொங்கற காலை அளவா வெட்டி விடு. நீளமா இருந்தா மீன் காலை மட்டும் கவ்விட்டுப் போகும், முள்ளு கிட்டயே வராது. ஒரு காலை இன்னொண்ணைவிடச் சித்தே குட்டையா வெட்டினா தவளை அப்படி இப்படித் தலையை ஆட்டிக்கிட்டு வரும். வீச வீச உள்ள தண்ணி சேரும், முழுகறாப்ல தெரிஞ்சா எடுத்துப் பிழிஞ்சு விடு.

முடிச்சு ஒண்ணே ஒண்ணு கத்துக்கோ. நரம்பை ரெண்டா மடிச்சுத் தவளை மூக்கு வளையத்துல நுழை. தளர்வா ஒரு முடிச்சு. அந்த மடிப்புக்குள்ள தவளையை முழுசா விட்டு எடுத்து, எச்சில் தொட்டு இறுக்கு. பாலோமர்னு பேராம். பேரு எனக்கு எதுக்கு, அவுராம இருந்தாச் சரி.

தண்ணிக்குப் போறதுக்கு முன்னாடி களத்து மேட்டுக்குப் போ. ஒரு அன்னக்கூடையை வெச்சுட்டு தூரத்துல இருந்து தவளையை அதுக்குள்ள போடு. கோழிங்க வரும், அதுங்க தவளையைத் துரத்தும், பக்கத்து வீட்டுக்காரி திட்டுவா, காதுல போட்டுக்காதே. கூடைக்குள்ள பத்துக்கு நாலு விழற வரைக்கும் ஏரிப் பக்கம் தலை வைக்காதே. பாசிக்கு நடுவுல மீன் இருக்கற சந்து அந்தக் கூடையைவிடச் சின்னது.

எந்தத் தண்ணிங்கறதுதானே அடுத்த கேள்வி? நான் பிடிக்கற இடத்தைச் சொல்ல மாட்டேன், அதை உங்க அத்தைக்கே சொன்னதில்லை. பொதுவாச் சொல்றேன். நாகமரை, ஒட்டனூர் பக்கம் போனா கண்ணுக்கு எட்டின மட்டும் மேட்டூர் அணைத் தண்ணி. 1934-ல கட்டி முடிச்ச அணை, முழு மட்டம் 120 அடி. அம்மாம் பெரிய தண்ணியைப் பார்த்ததும் உனக்குக் கை அரிக்கும். ஆனா அணைத் தண்ணி நிக்கற தண்ணி இல்லை. ஜூன் 12-க்குத் திறந்து ஜனவரி 28-க்கு மூடறதுதான் வழக்கம். தண்ணி இறங்கினா பண்ணவாடிப் பக்கம் நந்தி தலை தெரியுது, சர்ச்சுக் கோபுரம் தெரியுதுன்னு ஜனம் பார்க்கப் போகும். ஏறினா எல்லாம் முழுகும். இப்படி ஏறி இறங்கற கரையில பாசி நிலையா நிக்காது, விராலுக்குக் கூரை வேணும். அதனால சாதாரண நாள்ல சின்ன ஏரி, குட்டை, ஆகாயத் தாமரையும் அல்லியும் மூடிக் கிடக்கற இடம்தான் உன் பள்ளிக்கூடம். அணையில பார்க்கணும்னா தண்ணி புதுசா ஏறி, வத்தின காலத்துல கேழ்வரகும் சோளமும் போட்டிருந்த நிலத்தையும் சீமைக்கருவேலத்தையும் முழுகடிக்குதே, அந்தச் சமயம் போ. முழுகின புல்லுக்குள்ள முழங்கால் தண்ணியில விரால் கிடக்கும்.

சும்மா போய் நிக்காதே. ஏரின்னா ஏலம் எடுத்த குத்தகைக்காரர்கிட்டக் கேளு, அணைன்னா மீன்வளத்துறை உரிமம் வாங்கினவங்க வலை கட்டிப் பிழைக்கற இடம், அங்க விசாரி. அவங்க வலைமேல உன் தவளையைத் தத்த விட்டேன்னா பரிசல் துடுப்பு உன் முதுகுமேல தத்தும். ஒகேனக்கல் மேல்பக்கம் காட்டுக்குள்ள ராடு தூக்கிக்கிட்டுப் போகவே போகாதே. அங்க காவிரி தெற்கு காட்டுயிர் சரணாலயம்னு 2022-ல அறிவிச்சாச்சு. ஆத்துல முதலையும் உண்டு. அதுக்கும் தலைக்கு மேல தத்தறது பிடிக்கும், தண்ணிக்குள்ள இறங்கி நிக்கறதும் பிடிக்கும். கூட்டாளி எவனாவது தோட்டா போடலாம், கரண்டு விடலாம்னு சொன்னா அவனைப் பெங்களூருக்கே திருப்பி அனுப்பு. வெடியும் விஷமும் கூடாதுன்னு வெள்ளைக்காரன் 1897-லயே சட்டம் போட்டுட்டான்.

வீசறப்ப சந்துமேலயே போடாதே. அதைத் தாண்டி, பாசிமேலயோ எதிர்க்கரை மண்ணுமேலயோ விழட்டும். அப்புறம் மெதுவா தண்ணிக்குள்ள இறக்கு. வானத்துல இருந்து விழற தவளை எந்த ஊர்லயும் கிடையாது, கரையில இருந்து குதிக்கறதுதான் உண்டு. ராடு நுனியைத் தாழ்த்தி, நரம்பைக் கொஞ்சம் தொய்வா விட்டு, மணிக்கட்டால சுண்டு. ரெண்டு தத்து, ஒரு நிறுத்தம். சந்து வந்ததும் நிறுத்து. வளையம் அடங்கற வரைக்கும் நிறுத்து. எத்தனை நேரம்னு கேப்பே, உனக்கு அலுத்துப் போற வரைக்கும். பெரும்பாலும் நிக்கறப்பதான் அடி விழும். விடியலும் பொழுது சாயறதும் நல்ல நேரம். உச்சி வெயில்லயும் கெட்டிப் பாசிக்கு அடியில நிழலுக்குக் கிடக்கும், அப்ப பாசிமேலயே ஊர விடு.

இப்பத்தான் உன் வியாதிக்கு வர்றேன். படார்னு தண்ணி வெடிக்கும். நீ என்ன பண்ணுவே? ராடைப் பிடிச்சு வானத்துக்கு இழுப்பே. பொண்ணு பார்க்கப் போன வீட்டுல காப்பித் தட்டு வர்றதுக்கு முந்தி சம்மதம்னு சொன்னவனாச்சே நீ. அப்படி இழுத்தா, மீன் இன்னும் வாயை மூடியே இருக்காது. தவளை வெறும் வாயில இருந்து பிடுங்கிக்கிட்டு அத்தனை வேகத்துலயும் உன் மூஞ்சிக்கே திரும்பி வரும். நீளாத நரம்பு, இரட்டை முள்ளு, கண்ணு போயிடும் மாப்ளே. விளையாட்டுக்குச் சொல்லலை. பஸ் ஸ்டாண்டுல ஸ்டைலுக்குப் போடறியே கருப்புக் கண்ணாடி, அதைக் கரையில போடு, அதுக்கு இதுவரைக்கும் இல்லாத உபயோகம் ஒண்ணு கிடைக்கட்டும்.

அடி விழுந்தா கை அசையக் கூடாது. கண்ணு பார்த்ததைக் கை நம்பக் கூடாது. தவளை காணாமப் போச்சா பாரு. நரம்பு நகருதா பாரு. ராடு நுனியை மீன் பக்கம் நீட்டி, தொய்வைச் சுத்தி எடு. எடை தெரியும். அந்த எடை தெரிஞ்ச பிறகு, ரெண்டு கையாலயும், வயித்துல இருந்து ஒரே இழுப்பு. பாதி இழுப்பு கூடாது. முள்ளு தடிமன்னு சொன்னேனில்ல. இழுத்த வேகத்துல நிறுத்தாம சுத்து, தலை மேலே தூக்கின வாக்குலயே கரைக்கு வரணும். தலையைத் திருப்ப இடம் கொடுத்தா பாசிதான். சிலர் ஒண்ணு ரெண்டு மூணு எண்ணச் சொல்லுவாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை. உனக்கு மூணு வரைக்கும் எண்ணப் பொறுமை இருந்தா எடை தெரியற வரைக்கும் இருக்கவும் பொறுமை இருக்கும்.

தவறிடுச்சா? கத்தாதே. கெட்ட வார்த்தை பேசாதே, குத்தகைக்காரர் வீட்டுப் பொம்பளைங்க கரையில துணி துவைச்சுக்கிட்டு இருப்பாங்க. அதே இடத்துக்கு ஒரு முழம் தாண்டி மறுபடியும் போடு. விரால் கோவக்காரன், கிட்டயேதான் இருப்பான், தவறவிட்ட தவளையை மறுபடியும் அடிக்க வருவான். மனுசனைவிட அது மேல், ஏமாந்ததை ஒத்துக்காது.

கரைக்கு வந்தபிறகு வாய்க்குள்ள விரலை விடாதே, பல்லு இருக்குது. குறடால முள்ளைக் கழட்டு. உடம்பு வழவழப்பு, கையை விட்டா புல்லுமேல நெளிஞ்சு நெளிஞ்சு தண்ணிக்குப் போய்ச் சேர்ந்துடும். ஈரச் சாக்குல போட்டு வாயைக் கட்டு. சாம்பலைப் போட்டுத் தேய்ச்சுக் கழுவினா வழவழப்பு போகும். களி கிண்டறப்ப வா, குழம்புக்குப் புளி நான் கரைச்சு வைக்கறேன். தலை எனக்கு. இதுல பேச்சுவார்த்தை கிடையாது.

ஒண்ணு மட்டும் நல்லாக் கேட்டுக்கோ. தண்ணிமேல செவசெவன்னு ஒரு குஞ்சுக் கூட்டம் கொத்தா நீந்திக்கிட்டுப் போகும், கூட்டமா மேலே வந்து காத்து குடிச்சுட்டு இறங்கும். அதுக்கு அடியில தாயோ தகப்பனோ காவல் இருக்கும். அந்தக் கூட்டத்துமேல தவளையை வீசினா கண்டிப்பா அடிக்கும், பசிக்காக இல்லை, பிள்ளைங்களைக் காப்பாத்த. வீடியோவுல நிறையப் பேர் அப்படித்தான் வீசறான், வீசிட்டு வீரம் பேசறான். காவல்காரனைத் தூக்கிட்டேன்னா அந்தக் குஞ்சையெல்லாம் மத்த மீனு ஒரு பொழுதுல தின்னு தீர்த்துடும். அந்தக் கொத்தைப் பார்த்தா ராடை மடக்கிட்டு வேற இடத்துக்குப் போ. அதெல்லாம் அடுத்த வருஷம் நான் பிடிக்க வேண்டிய மீன்.